மூன்று விசில்

இப்போதெல்லாம் மழைக்கு முன்னால் என் கைபேசி ஒருமுறை உறுமுகிறது. எடுத்துப் பார்த்தால், மதுரை மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும் என்று இருக்கும். சித்திரை, வைகாசியில் இது ஒரு நாளைக்கு மூன்று தடவைகூட வரும். நான் உடனே எங்கள் பசுமலை வீட்டு மொட்டைமாடிக்கு ஓடி, கொடியில் கிடக்கும் துணிகளை அள்ளிக்கொண்டு இறங்குவேன். மழை வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். மறுநாள் அதே செய்தியைச் சட்டை செய்யாமல் உட்கார்ந்திருந்தால் துணி அத்தனையும் தொப்பலாக நனைந்துபோகும். அப்போதும் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

செய்தி அனுப்புகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கோடை மழையின் குணம் அப்படி. பழங்காநத்தத்தில் கொட்டித் தீர்க்கும், நடந்து போகிற தூரத்தில் புழுதி பறக்கும். ஓரிரு இடங்கள் என்று அவர்கள் சொல்வதில் பொய்யே கிடையாது. அந்த ஓரிரு இடங்களில் நம்முடைய இடம் உண்டா இல்லையா என்பதைத்தான் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு முறைதான் பழங்காநத்தம் என்று பெயரைச் சொல்லி, இன்னும் கால் மணி நேரத்தில் மழை என்று நேரத்தையும் சொல்லி, சொன்னபடியே மழையும் பெய்தது. அதை அறிவித்தது நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது.

அப்பா பழங்காநத்தத்தில் அப்பளக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திருமங்கலம் போகிற ரோட்டை ஒட்டி ஒரு ஓட்டுக் கொட்டகை, அதற்கு முன்னால் முற்றம் மாதிரி ஒரு காலி மனை, வேலைக்கு ஆறு பெண்கள், அவ்வளவுதான். கொட்டகைக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் எங்கள் வீடு. விடிந்ததும் உளுந்து மாவில் பிரண்டைச் சாறும் அப்பளக்காரமும் விட்டு இடித்துப் பிசைந்து, உருட்டி, தேய்த்து, நிழலில் கொஞ்சம் உலர விட்டு, பிறகு காலி மனையில் பாய் பாயாக வெயிலில் பரப்புவார்கள். அந்த மனையின் ஓரத்துக் குட்டிச்சுவரில் எங்கள் வீட்டு வற்றல், மிளகாய், ஊறுகாய் ஜாடி, என் ஈரப் பள்ளிக்கூடப் பை எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சார்ஜ் இறங்கிப்போன பேட்டரிகளைக்கூட அப்பா அங்கேதான் காய வைப்பார். நன்றாகக் காய்ந்தால் இன்னும் இரண்டு நாள் உழைக்கும் என்பது அவர் கணக்கு. எங்கள் வீட்டில் வெயில் படாத பொருளே கிடையாது.

கோடைதான் அப்பளத்துக்குச் சீசன். கல்யாணங்கள் வரிசை கட்டி நிற்கும், வெயிலும் பஞ்சமில்லாமல் அடிக்கும். அதே கோடையில்தான் இந்தத் திடீர் மழையும் வரும். பாதி காய்ந்த அப்பளத்தின் மேல் நான்கு சொட்டு விழுந்தால் போதும், அங்கங்கே பொத்தலும் புள்ளியுமாக விழுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதை மறுபடி காய வைத்தாலும் எண்ணெயில் போட்டால் பொரியாது, தோலாகக் கிடக்கும். அதனால் மேற்கே பசுமலையைப் பார்த்துக்கொண்டேதான் எல்லோரும் வேலை செய்வார்கள். மலையின் தலை மழைக்குள் மறைந்தால் இன்னும் ஐந்து நிமிடம் என்று அர்த்தம். ஐந்து நிமிடத்தில் முற்றம் முழுவதையும் அள்ள முடியாது. அதற்கும் முன்னால் ஒரு செய்தி வேண்டும். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. திருமங்கலத்துக்கும் பெரியார் நிலையத்துக்கும் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர். பஸ் நிற்க ஒரு விசில், போக இரண்டு விசில் என்பது ஊர் உலகத்துக்கே தெரியும். எங்களுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று உண்டு. திருமங்கலம் பக்கம் மழை பிடித்துவிட்டால், பஸ் எங்கள் கொட்டகையைக் கடக்கும்போது மாமா நீளமாக மூன்று விசில் ஊதுவார். எங்களுக்கு மழை பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வரும், பஸ் மழையை முந்திக்கொண்டு வந்துவிடும். ஆரம்பத்தில் டிரைவர் மூன்றாவது விசிலுக்குப் பதறிப்போய் பிரேக்கை மிதித்து, கூடைக்காரம்மாக்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாராம். பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

மாமா லேசுப்பட்டவர் இல்லை. ஒரு நாள் மேகமே இல்லாத வானத்தின் கீழ் மூன்று விசில் ஊதிவிட்டு, ஆறு பெண்களும் அப்பாவும் பாயைத் தூக்கிக்கொண்டு தலைதெறிக்க ஓடுவதைப் படியில் தொங்கியபடி பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவரை அப்பா தேய்க்கிற குழவியோடு துரத்தினார். அம்மா குறுக்கே விழுந்து சிரித்தாள். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் வீடு இப்படித்தான் இருக்கும். அந்த ஒரு விளையாட்டுக்கு அவர் பின்னால் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது.

எனக்கு ஆறு வயதில் காதுகுத்து வைத்தார்கள். மேலூருக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயிலில். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். ஆசாரி ஊசியோடு தயாராக இருக்கிறார், சொந்தபந்தம் எல்லாம் வந்தாயிற்று, மாமாவை மட்டும் காணோம். நல்ல நேரம் கரைந்துகொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையில் அங்கிருந்த ஒருவர் மடியில் என்னைத் தூக்கி வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். நான் காதைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருக்கும்போதுதான் மாமா சீர்த்தட்டோடு வந்து சேர்ந்தார். வழியில் விடியற்காலையில் இடியும் காற்றுமாக மழை அடித்து, ஒரு புளியமரம் ரோட்டில் விழுந்து பஸ் நின்றுபோனது, மழையில் நனைந்துகொண்டே நடந்து, பிறகு ஒரு டிராக்டரில் ஏறி வந்தேன் என்றார். அவர் சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. டிராக்டரில் வந்த காற்றிலும் வெயிலிலும் எல்லாம் காய்ந்துவிட்டிருந்தது. கோயிலைச் சுற்றிலும் ஒரு சொட்டு விழுந்த தடம் இல்லை.

அப்பா அத்தனை பேர் முன்னிலையிலும் ஒரு வார்த்தை சொன்னார். "மழைன்னு ஊதி எங்கள ஓட விட்டவன்தான நீ."

மாமா சீர்த்தட்டை அப்படியே வேப்பமரத்தடியில் வைத்தார். இனிமேல் உங்கள் வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே நடந்தார். அம்மா பின்னாலேயே கொஞ்ச தூரம் ஓடினாள். பிறகு நின்றுவிட்டாள்.

இரண்டு நாளில், மேலூரிலிருந்து உளுந்து வாங்கி வந்தவர் மரம் விழுந்த கதையைத் தானாகவே சொன்னார். அப்பா கேட்டுக்கொண்டார். உண்மை தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நான் அப்போது நினைத்தேன். பெரியவர்களுக்கு உண்மை தெரிந்த பிறகுதான் சங்கடமே ஆரம்பிக்கிறது. சபையில் சொன்ன சொல்லை அப்பாவால் திரும்ப எடுக்க முடியவில்லை. வாசப்படி மிதிக்க மாட்டேன் என்ற சொல்லை மாமாவாலும் எடுக்க முடியவில்லை. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேருக்கும் கழுத்து மட்டும் வளையாது.

மாமாவுக்குப் பதிலாக எங்கள் வீட்டுக்கு ஒரு ரேடியோ வந்தது. அப்பா அதைக் கூடத்து அலமாரியின் மேல் வைத்து, செய்தி நேரத்தில் பக்கத்திலேயே நின்று வானிலை அறிக்கையைக் கேட்பார். தென் தமிழகத்தில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்று அது சொல்லும். அப்பா ஏதோ ரகசியம் தெரிந்துகொண்டவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போவார். அந்த இரண்டு வருஷத்தில் மூன்று தடவை அப்பளம் நனைந்தது. மாமாவின் பஸ் வழக்கம்போல வந்துபோய்க்கொண்டுதான் இருந்தது. நிற்க ஒன்று, போக இரண்டு. அதற்கு மேல் ஊத மாட்டார். பஸ் வருகிற நேரம் பார்த்து அம்மாவுக்கு மட்டும் ரோட்டோரத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். படியில் நிற்கிற மாமா அந்தப் பக்கத்துக் கடைகளைப் பார்த்துக்கொண்டு போவார்.

அப்படி ஒரு சித்திரையில் மேலூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு அப்பளம் கேட்டிருந்தார்கள். மறுநாள் காலையில் வண்டி வரும். அந்த வீட்டுக்கு முந்தின தடவை ஒப்புக்கொண்டு, மழையில் நனைந்துபோனதால் கொடுக்க முடியாமல் அப்பா கையைப் பிசைந்திருக்கிறார். இந்தத் தடவையும் தவறினால் இனி அந்தப் பக்கத்துக் கல்யாணம் ஒன்றுகூட நம்மிடம் வராது, ஆறு பேருக்கும் வேலை சொல்ல முடியாது என்று அவரே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். மூன்று நாள் தேய்த்த அப்பளம் முற்றம் கொள்ளாமல் பரந்து கிடந்தது. கால் வைக்க இடமில்லை. பள்ளிக்கூட லீவு, நான் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். மாமாவின் பஸ் வந்தது. எங்கள் ஸ்டாப்பில் யாரும் இறங்கவில்லை, ஏறவில்லை. கொட்டகையைக் கடக்கும்போது விசில் கேட்டது. ஒன்று. இரண்டு. பிறகு, இரண்டு வருஷத்துக்கு அப்புறம், மூன்று.

தேய்த்துக்கொண்டிருந்த குழவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. அம்மா கையில் இருந்த செம்பைக் கீழே வைத்தாள். அந்த ஆறு பேரில் மூத்தவரை நாங்கள் பெரியக்கா என்போம். அவர் எழுந்து, "அண்ணே, விசிலு" என்றார்.

"அது நமக்கு ஊதல. யாரும் எந்திரிக்க வேணாம்" என்றார் அப்பா. 

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பசுமலை பளிச்சென்று தெரிந்தது. பஸ்ஸின் மேல்கூட ஈரம் இல்லை. அந்த வெயிலில் திருமங்கலத்தில் நனைந்த எதுவும் பழங்காநத்தம் வரை ஈரமாக வந்து சேராது. அம்மா அப்பாவின் பக்கத்தில் போய், இத்தனை நாள் ஊதாதவன் இன்றைக்கு விளையாட்டுக்கு ஊதுவானா என்று மெதுவாகக் கேட்டாள். அப்பா ஒரு அப்பளத்தை எடுத்து விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியக்கா உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் முந்தானையைச் செருகிக்கொண்டே இருந்தார்.

மழை வரும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மாமா ஊதினால் மழை வரும், அவ்வளவுதான். அப்பாவுக்கும் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அப்பா நம்புவது ரேடியோவை. ஆகவே ரேடியோ சொன்னால் அப்பா கேட்பார். எட்டு வயதில் எனக்கு மூளை இவ்வளவு வேகமாக ஓடியதே பெரிய விஷயம். சந்து வழியாக வீட்டுக்கு ஓடினேன். கூடத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். செய்தி கேட்கிற அளவுக்கு நேரம் போக வேண்டுமல்லவா. பிறகு அதே வேகத்தில் திரும்பி ஓடிவந்தேன்.

"அப்பா, ரேடியோல சொல்றாங்க. பழங்காநத்தத்துல இன்னும் கால் மணி நேரத்துல மழையாம்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஏனோ குட்டிச்சுவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"வேற என்ன சொன்னாங்க?"

காற்றும் அடிக்குமாம், இடியும் இடிக்குமாம் என்று தாராளமாகச் சேர்த்துக்கொடுத்தேன்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "சரி. ரேடியோவுல சொன்னா சரியாத்தான் இருக்கும். எடுங்க எல்லாத்தையும்."

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்கக் கண் போதவில்லை. ஒரு பாயின் இரண்டு முனையை இரண்டு பேர் பிடித்து, அப்படியே குவித்து, கொட்டகைக்குள் ஓடி, கொட்டி, மறுபடி ஓடிவந்தார்கள். ரோட்டில் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து ஆளுக்கொரு பாயைப் பிடித்தார்கள். பாதி முற்றம் காலியாகும்போது புழுதிக் காற்று வந்தது. முக்கால்வாசி காலியாகும்போது பெரியக்கா கையை நீட்டினார். பசுமலைக்குத் தலை இல்லை. நாலே பாய் மிச்சம் இருக்கும்போது முதல் இடி இடித்தது, பெண்கள் அர்ச்சுனா அர்ச்சுனா என்று சொல்லிக்கொண்டே ஓடினார்கள். கடைசிப் பாயை அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள், அவர்கள் முதுகில் மழை விழுந்தது.

ஓட்டின் மேல் கொட்டிய சத்தத்தில் காது அடைத்துப்போனது. எல்லோரும் அப்பளக் குவியல்களுக்கு நடுவில் நனைந்த தலையோடு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒன்றுகூட நனையவில்லை. அப்பா சத்தமாக, ரேடியோ என்றால் ரேடியோதான், என்னமாய்ச் சொல்கிறார்கள் என்றார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா திரும்பி நின்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின. குளிருகிறதாக்கும் என்று நினைத்தேன். உலகத்திலேயே அன்று என்னைப் போல் கெட்டிக்காரி யாரும் இல்லை.

கோடை மழை எவ்வளவு நேரம் பெய்யும். முக்கால் மணி நேரத்தில் வெளுத்துவிட்டது. அம்மா எல்லோருக்கும் காபி போட வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா கொட்டகைக்குள் குவியலுக்குப் பக்கத்தில் குந்தி, நன்றாகக் காய்ந்த பெரிய அப்பளங்களாகப் பொறுக்கி எடுத்து ஒரு செய்தித்தாளில் அடுக்கினார். நூலால் கட்டினார். கட்டியது கோணலாக இருந்ததோ என்னவோ, அவிழ்த்து மறுபடி கட்டினார். என்னைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மழை வருதுன்னு யாரு சொன்னாகளோ, அவுகளுக்குக் குடுத்துட்டு வா."

சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு முற்றத்தில் தேங்கிய தண்ணீரைத் தள்ளப் போய்விட்டார். முதுகு ரோட்டுப் பக்கம் இருந்தது.

பெரியார் நிலையம் போன மாமாவின் பஸ் திரும்பி வருகிற நேரம் அது. வந்தும்விட்டது. எங்கள் ஸ்டாப்பில் ஒருவர் குடையைச் சுருக்கிக்கொண்டு இறங்கினார். என் கால்கள் தாமாகவே ரோட்டுப் பக்கம் போயின. மழை வருகிறது என்று யார் சொன்னார் என்பது என் கால்களுக்குத் தெரிந்திருந்தது. மாமா படியில் நின்றார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கத்துக் கடைகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த பொட்டலத்தையும் பார்த்தார். கம்பியைப் பிடித்திருந்த கை கொஞ்சம் கீழே இறங்கியது.

ரோட்டோரத்தில் வந்து நின்ற பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. அப்பா எனக்கு வலை விரித்திருக்கிறார். இதை மாமாவிடம் கொடுத்தால், மழையைச் சொன்னது ரேடியோ இல்லை என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பொய் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. பிரம்பு எங்கே இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இந்தச் சின்னத் தந்திரத்துக்கெல்லாம் நானா மாட்டுவேன் என்று நினைத்துக்கொண்டு, திரும்பினேன். கொட்டகையைத் தாண்டி, சந்து வழியாக, வீட்டுக்கு ஓடினேன். பின்னால் இரண்டு விசில் கேட்டது, பஸ் கிளம்பியது.

அம்மா அடுப்படியில் இருந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பொட்டலத்தை ரேடியோவின் மேல் வைத்தேன். சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்துக்கு வைக்கிறது மாதிரி ஒரு பொட்டுக் குங்குமமும் வைத்தேன். பொய்யை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் கடைசி வரைக்கும் சொல்ல வேண்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் அப்பா வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் நடையில் ஒரு வேகம் இருந்தது. கூடத்துக்குள் வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவர் பொட்டலத்தைப் பார்த்தார். துண்டு அப்படியே கையில் நின்றது.

"வாங்கலையா?" என்றார்.

ரேடியோ எப்படி வாங்கும். வைத்தது வைத்தபடி இருந்தது. இல்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சட்டைப் பையில் கையை விட்டு இரண்டு பேட்டரிகளை எடுத்தார். காலையிலிருந்து மழை வரும்வரை குட்டிச்சுவரில் காய்ந்துகொண்டிருந்த பேட்டரிகள். ரேடியோவின் முதுகைத் திறந்து ஒவ்வொன்றாகப் போட்டு மூடினார். குமிழைத் திருகியதும் அது கரகரவென்று பேச ஆரம்பித்தது.

எனக்கு உயிர் போய்விட்டது. நான் அறிக்கை வாசித்தபோது ரேடியோவுக்குள் உயிரே இல்லை, அதன் உயிர் அப்பாவின் கண்ணுக்கு எதிரே சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இன்றைக்குத் தோலை உரித்துவிடுவார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. வானிலை அறிக்கை முடிகிற வரைக்கும் ரேடியோ முன்னால் நின்றார். பிறகு பொட்டலத்தை அம்மாவிடம் நீட்டி, இதை வறுத்துவிடு என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை மேலூருக்கு வண்டி நிறைய அப்பளம் போனது. மத்தியானம் மாமாவின் பஸ் வந்தது. நிற்க ஒன்று, போக இரண்டு. அதற்குப் பின் வந்த வாரத்தில் ஒரு மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்து எட்டுப் பாய் அப்பளத்தை நனைத்துவிட்டுப் போனது. அப்பா யாரையும் திட்டவில்லை. அடுத்த மாதம் மாமாவை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள். அவராகவே கேட்டு மாற்றிக்கொண்டார் என்று பெரியக்கா சொன்னார்.

நான் பெரியவளானபோது தாய்மாமன் சீர் வந்தே ஆகவேண்டும் என்று அம்மா இரண்டு பக்கமும் அழுது மாமாவை வரவழைத்தாள். அப்பா வாசலுக்குப் போய் நின்றார். "வா மாப்ள. அங்கிட்டு மழை எப்பிடி?" என்றார். பரவாயில்லை மச்சான் என்றார் மாமா. அதற்குப் பிறகு நல்லது கெட்டதுக்கு வந்தார்கள், போனார்கள். சந்திக்கும்போதெல்லாம் மழையைப் பற்றி மட்டுமே பேசினார்கள். குழவியோடு துரத்துகிற அந்த அப்பாவும், படியில் தொங்கிச் சிரிக்கிற அந்த மாமாவும் திரும்ப வரவே இல்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அப்பா போய்விட்டார்.

போன சித்திரையில் மாமா பசுமலைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கும்போது என் கைபேசி உறுமியது. ஓரிரு இடங்களில் மழை என்று வாசித்தேன். மாமா சிரித்தார். பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்க நினைத்து வைத்திருந்த மாதிரி கேட்டார்.

"அன்னைக்கு நீ கையில பொட்டலத்தோட ரோடு வரைக்கும் வந்த. நானும் இறங்கி வாங்கலாம்னுதான் நின்னேன். அதுக்குள்ள உங்கப்பா கூப்புட்டுட்டாரு, நீ திரும்பி ஓடிட்ட. அம்புட்டு கோவமா அவருக்கு?"

அப்பா கூப்பிடவில்லை மாமா, நானாகத்தான் திரும்பினேன் என்று சொன்னேன். சொல்லும்போதே, கூடத்தில் துண்டோடு நின்ற அப்பாவும், வாங்கலையா என்று அவர் கேட்ட குரலும், நான் ஆட்டிய தலையும் என் கண்முன்னால் வந்தன. மாமா வாங்க மறுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே அப்பா செத்துப்போயிருக்கிறார். நான் அழுதேன். மாமா மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். அப்பளம் என்றேன், கல்யாணத்துக்குப் போட்டதில் பொறுக்கியெடுத்த பெரிய அப்பளம். பிரண்டை போட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எனக்கு எட்டு வயதில், மழை பெய்த அந்த நாள் சாயங்காலம், அம்மா அந்த அப்பளங்களை வறுத்து எடுத்து, சுடச்சுட ஒரு தட்டில் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தாள். ஒவ்வொன்றும் தட்டை விடப் பெரிதாகப் பொரிந்திருந்தது. அப்பா ஒன்றைக்கூடத் தொடவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அடி விழவில்லை, பிரம்பு எடுக்கவில்லை, ஏன் பொய் சொன்னாய் என்றும் கேட்கவில்லை. அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இரண்டு அப்பளம் சாப்பிட்டு முடித்துவிட்டு, இன்னொன்று வேண்டும் என்று அவரிடமே தட்டை நீட்டினேன்.